நாண் ஏற்றும் முன்

மகனே,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். குரல் உடைந்து உன் அப்பாவின் குரலைப் போல அடித்தொண்டையிலிருந்து வரும். எங்கேயாவது போகப் புறப்பட்டிருப்பாய், அல்லது யாரையாவது கட்டிக்கொள்ளப் போகிறாய். எதுவானாலும் உன் முன்னால் நின்று பேச ஆரம்பித்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன். அழுகை வந்துவிட்டால் சொல்ல வந்தது வேறெங்கோ போய்விடும். அதனால்தான் உனக்குப் பால்பற்கள்கூட முழுதாக விழாத இந்த வயதிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நேரமாகிவிட்டது. யுத்தத்துக்காக விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், மேசையில் விழும் வெளிச்சம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். நீ பாயில் தூங்குகிறாய். உன் தலைமாட்டில் உன் வில் கிடக்கிறது. பக்கத்தில் வைக்காதே என்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை. காலையில் பூசை முடிந்து வந்ததும் மிக்கேல் மாமா அதற்கு முதல் தடவையாக நாண் ஏற்றப் போகிறான். அதன்பிறகு நீ இழுக்கப் போகிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மறைத்து மறைத்து எழுத வேண்டியதில்லை. நாண் ஏறும் அந்த நொடியில் மரம் முறிந்து உன் முகத்தில் பாய்ந்துவிடுமோ என்று பயம். முறியாமல் நின்றாலும் உன் வலது கை அதை இழுக்க மாட்டாமல் நடுங்கி நின்றுவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். மரம் போனால் வேறு மரம் கிடைக்கும். தெருப் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு பார்த்திருக்க உன் கை தோற்றுப்போனால், பிறகு நீ அந்தக் கையை எதற்கும் நீட்ட மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

உன் கையைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்குமோ தெரியவில்லை. உனக்கு நாலு வயது முடிந்திருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கஷாயம் கொடுத்தேன், பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொன்னேன். நான் கொஞ்சமும் பயப்படவில்லை. காய்ச்சல் இறங்கிய காலையில் பசிக்கிறது என்றாய். கஞ்சிக் கிண்ணத்தை உன் முன்னால் வைத்தேன். நீ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வலது கை மடியில் கிடந்தது. "எடுத்துக் குடி ராசா" என்றேன். "கை வர மாட்டேங்குது" என்றாய், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வர மாட்டேன் என்று சொன்னதைப் போல. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. இளம்பிள்ளை வாதம், முன்னாலேயே கொண்டு வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அது என் காதுக்குள் போகிறது, அதற்கு மேல் போவதில்லை. பயப்பட வேண்டிய ஒரே நாளில் நான் பயப்படவில்லை. அதற்குப் பிறகு எல்லா நாளும் பயப்படுகிறேன். நீ கிணற்றடிக்குப் போனால், மாம்பழம் தின்றால், கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால், சத்தம் போட்டால். "வேண்டாம்", "போதும்", "இறங்கு", "நிறுத்து". காலையிலிருந்து நான் உன்னிடம் பேசும் பேச்சில் பாதி இந்தச் சொற்கள்தான்.

கையில் உயிர் இருக்கிறது, ஆனால் அதற்கு வேலை கொடுக்காவிட்டால் சூம்பிப்போகும் என்று டாக்டரம்மா சொன்னார். எதிர்த்து இழுக்கிற ஒன்றைக் கொடுக்க வேண்டும், நாளாக ஆக இன்னும் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். ஒரு துணிப்பையில் மணல் நிரப்பித் தூக்கச் சொன்னேன். நான் திரும்பினால் நீ இடது கைக்கு மாற்றிக்கொள்வாய். நான் பார்த்தால், "மணலுக்குக் கை வலிக்கும்மா" என்பாய். தெருவில் பிள்ளைகள் உன்னை "ஏலே சூம்பக்கை" என்று கூப்பிடுவதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். நீ அதற்கும் "என்னலே?" என்று திரும்பிப் பார்ப்பாய், அதுதான் உன் பெயர் என்பதைப் போல. அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

வில் உன் தலைக்குள் வந்தது கோவிலில். அர்ச்சிஷ்ட செபஸ்தியார் சுரூபத்தை நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய், மரத்தில் கட்டிவைத்து உடம்பில் அம்பு தைத்த அந்தச் சுரூபம். எல்லாரும் முழந்தாளிட்டிருந்தபோது என் முந்தானையை இழுத்தாய்.

"அம்மா, அம்பு விட்டவன் எங்கன நின்னான்?"

"சும்மா இரு. செபம் சொல்லு."

"நாலு அம்புதான் பட்டிருக்கு. மிச்சத்தத் தவற விட்டுட்டானோ?"

முன்வரிசையில் இருந்த நம் பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவின் தோள் சிரிப்பில் குலுங்கியதைப் பார்த்தேன். வெளியே வந்ததும் உன் கன்னத்தைக் கிள்ளி, "ஏலே, ஊரெல்லாம் அர்ச்சிஷ்டவருக்கு அழுது. நீ அம்பு விட்டவனுக்கு ஆளு சேக்கியா?" என்றாள். நீ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது கையை நீட்டி, வலது கையைக் காதுவரை இழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தாய். காதுவரை வரவில்லை. ஆனால் பார்த்தாய். நான் சொல்லாமல், பை இல்லாமல், அந்தக் கையை நீயாக இழுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் தம்பி மிக்கேலிடம் சொன்னது நான்தான். அதையும் எழுதி வைக்கிறேன், பிறகு அவன்மேல் பழி போடக் கூடாது. கன்னியர் மடத்துச் சகோதரிகள் என்னைப் பிடித்துக் கல்லூரி வரை இழுத்துக்கொண்டு போனார்கள். மிக்கேல் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனான். என் அக்காள் புருஷன், உன் பெரியப்பா, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும்போது மேலே படகில் நின்று கயிறு பிடிப்பவன் அவன்தான். குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பதுதான் இந்தக் கரையில் வழக்கம். தன் அக்காள் தாலியைத் தன் கையில் பிடித்திருப்பவன் கவனம் சிதறமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. இப்போது யுத்தத்தால் பாதிப் படகுகள் கரையில் கிடக்கின்றன, அவனும் கையைப் பிசைந்துகொண்டு திரிகிறான். நடுவில் ஒரு வருடம் மலையில் மர வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தபோது அங்கே காட்டில் வாழும் காணிக்காரர்கள் வில் செய்வதைப் பார்த்திருக்கிறான்.

"பாத்ததுதான்க்கா. செஞ்சது கெடயாது" என்றான்.

"பாத்தது எவ்வளவு ஞாபகம் இருக்கு?"

"பாதி. மிச்சப் பாதிக்கு நீ பி.ஏ. படிச்சிருக்கேல்லா?"

ரெஜினா அக்கா வீட்டுக் கூரையைப் பிரித்தபோது ஒரு பழைய பனங்கை கிடைத்தது. பனையின் வெளிப்புறத்தைப் பிளந்து எடுத்து உத்திரத்திலிருந்து சாய்த்துப் போடும் கட்டை அது. அவள் வீட்டில் எத்தனையோ கோடையைப் பார்த்து இரும்பாகக் காய்ந்திருந்தது. மிக்கேல் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தான். பாதியை வைத்துவிட்டு, மறு பாதியை வாய்ச்சியால் செதுக்கி உன் உயரத்துக்கு ஒரு வில்லாக்கினான். மரத்தின் வெளிப்பக்கத்தில் கறுத்த நார்கள் நெருக்கமாக ஓடும், அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்றான். வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம், ஒரு நார் அறுந்தாலும் போச்சு. சுரண்டுவதெல்லாம் உள்பக்கத்தில், உடைந்த கண்ணாடித் துண்டால்தான். சிராய் ஏறி என் விரலெல்லாம் புண்.

வில்லை அப்படியே வளைத்து நாண் கட்டிவிட முடியாது என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. வில்லின் நடுவுக்கு இரு புறமும் உள்ள இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்த்துப் பார்த்து, வளையாத இடத்தில் கொஞ்சம் சுரண்டி, மறுபடி வளைத்து, மரத்துக்கு வளைவதைப் பழக்கிப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். நம் பின்கட்டில் வலை காயப்போடும் கம்பத்தின் உச்சியில் ஒரு வெட்டு வெட்டி, வில்லின் நடுவை அதில் உட்கார வைத்தான். இரண்டு முனைக்கும் ஒரு தொளதொளத்த கயிறு. அதன் நடுவிலிருந்து இன்னொரு கயிறு கீழே இறங்கி, கம்பத்தின் அடியில் கட்டிய தோணிக் கப்பி வழியாக ஓடி, தள்ளி நிற்கும் மிக்கேலின் கைக்குப் போனது. அவன் இழுத்தால் வில்லின் இரு கைகளும் கீழே இறங்கும். பின்னால் சுண்ணாம்புச் சுவர். அதில் நான் அடுப்புக்கரியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டேன், எந்தக் கை எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்க்க. எதிரே நின்று பார்ப்பது என் வேலை. இழுக்கிறவனுக்கு வளைவு தெரியாது, தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். "நீ போதும்னு சொன்னா நான் நிப்பாட்டுதேன்" என்றான். உன்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

இதில் என்ன தவறு நடக்கும் என்று நீ இப்போதே ஊகித்திருப்பாய். உனக்கு உன் அம்மாவைத் தெரியும்.

அவன் கயிற்றைக் கையில் சுற்றிய உடனேயே நான், "போதும்" என்றேன்.

"அக்கா, இன்னும் நான் இழுக்கவே இல்ல."

ஒரு விரற்கடை இறங்கியதும், "போதும் போதும்." மரம் கிறீச்சிட்டால், "ஐயோ போதும்." ஒரு காக்கை கத்தினால்கூட. முதல் நாள் அவன் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினான். மரம் பழகவே இல்லை. வேலிக்கு மேலே தலையை நீட்டி ரெஜினா அக்கா, "ஏளா, வில்லு செய்யியா, இல்ல அதுக்குத் தாலாட்டுப் பாடுதியா?" என்றாள். நீ கதவுக்குப் பின்னாலிருந்து, "போதும், போதும்" என்று என்னைப் போலவே பேசிக் காட்டினாய். மிக்கேல் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டாம் நாள் அவன் நிறுத்துவதை நிறுத்திவிட்டான். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். மரமும் நன்றாகத்தான் வளைந்து வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். வில்லின் இடது கையில், முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே, கறுப்பு நார்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மயிரிழை விரிசல். முன்பு அது அங்கே இல்லை. "போதும்!" என்று கத்தினேன். "மிக்கேல், போதும்!" அவன் சிரித்துக்கொண்டே, "சரிக்கா, சரிக்கா" என்று இன்னொரு பிடி இழுத்தான். அதே சொல், அதே குரல். அவனுக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பாதி வில் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபாதி சுவரில் அடித்துத் தெறித்தது. அந்தச் சுவரடியில் நீ உட்கார்ந்திருந்தாய். சுரண்டிப் போட்ட கறுப்பு நார்களை எடுத்து மீசை வைத்துக்கொள்ள எப்போது கதவை விட்டு வந்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் மூக்குக்குக் கீழே நார் மீசை. வலது கண்ணுக்குக் கீழே ஒரு சிராய் குத்தி நின்றது. இரத்தம் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. "முறிஞ்சிட்டா?" என்று கேட்டாய்.

உன் கண்ணுக்குக் கீழே இருக்கும் தழும்பின் கதை இதுதான். ஓடும்போது வேலியில் இடித்துக்கொண்டாய் என்று நான் உன்னிடம் எப்போதாவது சொல்லியிருந்தால் அது பொய். ஒரு அரிசி அகலம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு அரிசியின்மேல்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பாதிப் பனங்கையை எடுத்து அடுப்படியில் விறகோடு எறிந்தேன். "வில்லும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். கை சூம்பினால் சூம்பட்டும், கண் இருக்கட்டும்" என்றேன். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. மிக்கேல் என் எதிரே வந்து உட்கார்ந்தான். தன்னைத் திட்டவாவது செய் என்று காத்திருந்ததைப் போல இருந்தது. நான் திட்டவில்லை. பிறகு அவனே ஆரம்பித்தான்.

"அக்கா, கயிறு பிடிக்கவன் நான். கீழ கெடக்கவன் கயித்த ஆட்டினா, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். இழுத்துருவேன். பெரிய அத்தான் என்னைக்கும் சும்மா ஆட்டினது கெடயாது. அதான் எனக்குக் கை தன்னால போவும்."

"நான் சும்மாவா சொன்னேன்? பார்த்துத்தான் சொன்னேன்."

"கடைசியா சொன்னது பாத்துச் சொன்ன. அதுக்கு முந்தி சொன்னதெல்லாம்?"

நான் அடுப்பைக் கிளற ஆரம்பித்தேன்.

"ஒரு பய புதுசா குளிக்க வந்தான். தண்ணிக்குள்ள தலை போன உடனே கயித்த ஆட்டுவான். இழுப்போம். திரும்ப எறங்குவான், திரும்ப ஆட்டுவான். நாலாம் நாளு அவன் ஆட்டுனப்ப நாங்க பீடி குடிச்சிக்கிட்டு இருந்தோம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அன்னைக்கும் சும்மாதான் ஆட்டியிருக்கான். ஆனா மறுநாள் அவனக் கூட்டிட்டுப் போவல. அவன் பயந்தவன்னு இல்லக்கா. அவன் ஆட்டுனா நாங்க கேக்க மாட்டோம்னு எங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

நான் அழுதேன். பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை என்றேன். என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது, நின்றால் மூச்சு அடைத்துவிடும்.

"சரி, வாயால என்ன வேணாலும் சொல்லு. மாதாவக் கூப்பிடு, என்னை வையி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா கண்ணால பாத்தேன்னா, நெசமா ஒண்ணப் பாத்தேன்னா, கையத் தட்டு. ஒரு தட்டு. தட்டுன நிமிசம் நான் கயித்த விட்டுருவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

விறகுக்குள் போய்ப் பனங்கையை நீதான் எடுத்துக்கொண்டு வந்தாய். வலது கையால் இழுத்துக்கொண்டு வந்தாய். அது தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

இரண்டாவது வில்லுக்கு நாங்கள் அவசரப்படவில்லை. உன்னை ரெஜினா அக்கா மடியில் கட்டாத குறையாக உட்கார வைத்தோம். அவள் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அசைஞ்ச, உன்னையக் கம்பத்துல ஏத்திருவேன்" என்று மிரட்டுவாள். நான் எதிரே நின்றேன். முதல் இழுப்பிலேயே என் வாய் ஆரம்பித்துவிட்டது. "போதும், மாதாவே, ஏலே மிக்கேல், போதும், பிள்ளை இருக்கான், போதும்." யாரும் நிறுத்தவில்லை. என் கைகள் இரண்டும் ஒன்றை ஒன்று தேடின. அவற்றைப் பிரித்துப் பிடிப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டையும் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டேன். வாய் கத்திக்கொண்டிருக்க, கை சும்மா இருப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. வாயைப் பயத்துக்கு விட்டுவிட்டதால் கண் எனக்கென்று மிஞ்சியது. முதல் வில்லின்போது நான் வில்லையே பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முறியப்போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது வில்லைப் பார்த்தேன். அதன் வலது கை கரிக்கோட்டுக்கு வரத் தயங்குகிறது, நடுவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறது. அங்கே சுரண்டினோம். பிறகு நிறைய தடவை மெதுவாக இழுத்து இழுத்து விட்டோம். மறுநாள் அந்தக் கையும் கோட்டுக்கு வந்தது.

கடைசிப் பங்கை நீ இழுக்க வேண்டும் என்றான் மிக்கேல். வில் உன் கைக்குத்தானே. அவன் இழுப்புக்குப் பழகினால் உனக்கு உதவாது, உனக்கு மிகச் சுலபமாக இருந்தாலும் உதவாது. நேற்று நீ கயிற்றை வலது கையில் பிடித்தாய். உனக்குப் பின்னால் கயிற்றின் மிச்சத்தைப் பிடித்தபடி மாமா. நீ இழுத்தாய். வில் கொஞ்சம் இறங்கியது. உன் கை நடுங்கியது. தோளிலிருந்து விரல்வரை ஒரே நடுக்கம், கழுத்து நரம்பெல்லாம் எழும்பி நின்றது. நான் "விட்டுரு ராசா, விட்டுரு" என்று கத்தினேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ என் கைகளைப் பார்த்தாய். அவை தட்டாமல் இருந்தன. நீ இன்னொரு பிடி இழுத்தாய். மகனே, பிறந்ததிலிருந்து உன் முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த இழுப்பில் நான் தட்டினேன். வில்லின் இடது கையில் ஒரு இடம் முழங்கையைப் போல மடிந்தது, மற்றதெல்லாம் வளையாமல் அது மட்டும். தட்டிய சத்தம் என் காதில் விழும் முன் கயிறு இரண்டு கையிலிருந்தும் போய்விட்டது. உன் கையிலிருந்தும், மாமாவின் கையிலிருந்தும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மிக்கேல் வில்லைக் கழற்றி அந்த இடத்தில் விரலை ஓட்டினான். "ஒண்ணும் தெரியல" என்றான். பிறகு வெயிலில் சாய்த்துப் பார்த்தான். நான் முந்தின நாள் கண்ணாடித் துண்டை அழுத்திச் சுரண்டிய இடம் அது. "ஆமக்கா. இங்கன மெலிஞ்சுபோச்சு" என்றான்.

மெலிந்த இடத்தில் என்ன செய்வது என்று நான் கேட்டேன். இருக்கிற மரத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதே.

"அதத் தொடாத. அதுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் எடு. அதுங்களும் சேந்து வளைஞ்சா இது மட்டும் சொமக்க வேண்டாம்லா?"

அவன் வில்லைப் பற்றித்தான் சொன்னான். நான்தான் சுரண்டிக்கொண்டே வேறு எதையோ நினைத்தேன். இந்த மூன்று வருடமாக வீட்டில் எல்லாரும் உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் எல்லாரையும்விட அதிகமாக. அந்தக் கை பாவம், உன் அம்மாவின் பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. மணல் பையைவிட அது கனம். நீ வளர்ந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தாலும், உனக்குப் பிள்ளை பிறந்தாலும் இதை மட்டும் நினைத்துக்கொள். வீட்டில் யாராவது ஒருவர் மெலிந்திருந்தால் அவரையே தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. சுற்றி விறைத்து நிற்பவர்கள் கொஞ்சம் வளைய வேண்டும். உன் வீட்டில் விறைத்து நிற்பவன் நீயாகவே இருக்கலாம். எனக்கு அது நான்தான் என்று ஒரு பனங்கையைச் சுரண்டும்போதுதான் தெரிந்தது.

இன்று சாயங்காலம் வில் முடிந்தது. கப்பியில் போட்டு இழுத்தால் இரண்டு கையும் கரிக்கோடுகளில் ஒன்றுபோல இறங்குகின்றன. மாமா தூண்டில் கயிறு மூன்றைச் சேர்த்து முறுக்கி, மெழுகு தடவி நாண் செய்திருக்கிறான். ஆனால் இதுவரை வில் கப்பியில் வளைந்து வளைந்து உடனே நிமிர்ந்துவிட்டது. நாண் ஏற்றிவிட்டால் நிமிர முடியாது, வளைந்தபடியே நிற்க வேண்டும். நாண் ஏறும்போதுதான் பாதி வில் முறியும் என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். உன் அப்பா கொழும்பிலிருந்து இன்னும் எழுதவில்லை. கப்பல் வருவதில்லை, தோணிக்காரர்கள் கொண்டுவரும் செய்தியில் எது உண்மை என்று தெரிவதில்லை. ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரத்துப் பக்கம் போய்விட்டார்கள். குண்டு விழும் என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் நான் ஒரு பனங்கை முறியுமா என்று விழித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பாயானால் சிரி.

விடிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் உனக்குத் தெரியும். வில் நின்றதா, உன் கை காதுவரை வந்ததா, அம்பு எங்கே போய் விழுந்தது, எல்லாம் உனக்கு என்றோ நடந்து முடிந்த கதை. எனக்கு அது இன்னும் வரவில்லை. உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான், எதிரே நின்று பார்ப்பது. வாய் என்னவெல்லாம் சொல்லுமோ, சொல்லட்டும்.

மகனே, இந்தப் பயம் என்னை விட்டுப் போகும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நீ கடலுக்குப் போகிறேன் என்றாலும், கப்பலேறிக் கொழும்புக்கோ அதற்கு அப்பாலோ போகிறேன் என்றாலும், நம் சாதிசனம் முகம் சுளிக்கும் பெண்ணைக் கட்டுகிறேன் என்றாலும் நான் துறைமுகம் வரையோ கோவில் வாசல் வரையோ வருவேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அழுவேன். "போகாதே ராசா, போதும், வந்துரு" என்பேன். என் நெஞ்சு வலிக்கிறது என்றுகூடச் சொல்வேன். என் வாய்க்கு அது மட்டும்தான் தெரியும், அதை நீ திருத்த முடியாது. அதைக் கேட்டு நீ நின்றுவிட்டால் உன் கையை நானே சூம்ப வைத்தவள் ஆவேன். கேட்டுக் கேட்டு உனக்குக் காது மரத்துப்போனால், நான் நிஜமாகவே எதையாவது பார்த்துக் கத்தும் நாளில் நீ சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி இழுத்துவிடுவாய். இரண்டையும் நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

அதனால் நேற்று பின்கட்டில் நீ செய்ததைப் போலவே செய். என் முகத்தைப் பார்க்காதே. படியில் கால் வைத்ததும் ஒரு தடவை திரும்பி, கூட்டத்தில் என் கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடு. முந்தானையைப் பிசைந்துகொண்டிருக்கலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கலாம், கொசுவத்துக்குள் செருகியிருக்கலாம். அப்படியானால் ஏறு. தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் கயிற்றை விட்டுவிட்டு என்னிடம் வா. நான் பார்த்தது தவறாகவும் இருக்கலாம், இரண்டு பேரும் சேர்ந்து அதை வெயிலில் சாய்த்துப் பார்ப்போம்.